வெள்ளைக் குதிரை கருப்பா மாறின பக்கம்

1938 தொடக்கத்துல, ஆக்ஸ்ஃபோர்டுல டோல்கீன்னு ஒரு புரொஃபசர் ராத்திரி உக்காந்து ஒரு சீன் எழுதுறாரு. சில ஹாபிட்டுங்க, அதாவது அவரு கற்பனைல வந்த குட்டி மனுஷங்க, ரோட்ல நடந்து போறாங்க, பின்னாடி குதிரைக் குளம்புச் சத்தம் கேக்குது, யாருன்னு பாப்போம்னு ஓரமா ஒதுங்கி ஒளிஞ்சுக்கிறாங்க. வளைவுல ஒரு வெள்ளைக் குதிரை வருது, அது மேல மூட்டை மாதிரி போர்த்திக்கிட்டு ஒரு ஆளு, சரியா இவங்க ஒளிஞ்சிருக்கற இடத்துக்கு நேரா வந்து நிக்குது, மூக்கை மட்டும் வெளிய காட்டி மோந்து பாக்குது, அப்புறம் போர்வைக்குள்ள இருந்து ஒரு சிரிப்பு. யாருன்னு பாத்தா நம்ம மந்திரவாதித் தாத்தா கேண்டால்ஃப்.

எழுதிக்கிட்டே வந்தவரு அங்க நிறுத்திட்டாரு. திரும்ப அதே சீனுக்கு வந்து வெள்ளைக் குதிரைய கருப்பாக்கிட்டாரு, சிரிப்ப எடுத்துட்டாரு, மோப்பம் பிடிக்கறத மட்டும் அப்படியே விட்டுட்டாரு. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படம் பாத்தவங்களுக்கு மரத்து வேருக்கு அடியில நாலு பேரு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒளிஞ்சிருக்க, மேல ஒரு கருப்பு உருவம் மோந்து பாக்குமே, அந்த சீன் கண்டிப்பா ஞாபகம் இருக்கும். வயித்தைக் கலக்குற அந்த மோப்பம் மொதல்ல ஒரு தாத்தா பசங்களோட பண்ண தமாஷ். இதுல என்ன விசேஷம்னா அந்தக் கருப்பு ஆளு யாரு, எதுக்கு வந்தான்னு எழுதினவருக்கே அப்போ தெரியாது. கதை நான் நினைச்சுப் பாக்காத பக்கம் திரும்பிடுச்சுன்னு மார்ச் மாசம் பதிப்பகத்துக்கு லெட்டர் போடுறாரு, அவ்ளோதான்.

டோல்கீன் எல்லாத்தையும் முன்னாடியே பிளான் பண்ணி, மொழி வரைபடம் வம்சாவளி எல்லாம் ரெடி பண்ணிட்டு அப்புறம் கதை எழுதினாருன்னு நம்ம ஊர்ல ஃபேன்டசி எழுத ஆசைப்படுறவங்க எல்லாரும் சொல்லுவாங்க, நானும் ரொம்ப நாளா அதைத்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். அவரோட டிராஃப்ட் காகிதங்களப் பத்திப் படிக்க ஆரம்பிச்சதும் அந்த நினைப்பு மொத்தமா போயிடுச்சு. பழைய காலத்து புராணமும் மொழிகளும் அவருகிட்ட ஏற்கனவே இருந்துச்சு, அது உண்மை. ஆனா இந்தக் கதை அவரு கைக்கு அடங்கி ஓடவே இல்ல, மனுஷன் அது பின்னாடி ஓடியிருக்காரு.

இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுதுன்னா, அந்தக் காகிதங்க தப்பிச்சதால. அது தப்பிச்ச விதமும் கொஞ்சம் வேடிக்கை. அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல மில்வாக்கி, அங்க மார்க்வெட்னு ஒரு யுனிவர்சிட்டி. 1956ல அங்க நூலகரா வந்த வில்லியம் ரெடி, புது லைப்ரரிக்கு ஏதாவது உருப்படியான கலெக்‌ஷன் சேக்கணும்னு, லண்டன்ல ஒரு பழைய புத்தக வியாபாரி மூலமா டோல்கீன்கிட்ட கேக்குறாரு. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் 1954, 55ல வந்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருக்கு, இன்னும் அந்தப் பைத்தியம் உலகத்தைப் பிடிக்கல. 1957ல 1,500 பவுண்டுக்கு பேசி முடிச்சாங்க, அன்னிக்கு அது 5,000 டாலருக்கும் கொஞ்சம் கம்மி. அதுக்கு முந்தின கதையான ஹாபிட், லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ரெண்டோட கையெழுத்துப் பிரதியும் இன்னும் ரெண்டு சின்னக் கதையும் அப்படியே கப்பலேறிடுச்சு. ஒருத்தரும் கேக்காதப்போ கேட்டவருக்குக் கிடைச்சது, அதுல நான் தப்பே சொல்ல மாட்டேன். மத்த பேப்பருங்க பெரும்பாலும் ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் லைப்ரரில இருக்கு.

ஆனா மூட்டை கட்டி அனுப்பின டோல்கீன் எல்லாத்தையும் அனுப்பல, எது எங்க இருக்குன்னு அவருக்கே தெரியல. அதனால ஒரே அத்தியாயத்துக்கு சில தாள் மில்வாக்கில, சில தாள் வீட்லயே. அவரு செத்ததுக்கு அப்புறம் மகன் கிறிஸ்டோபர் டோல்கீன் உக்காந்து ஒவ்வொண்ணாப் பிரிச்சு, ஜெராக்ஸையும் வீட்டுத் தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வரிசைப்படுத்தி, அப்புறமா வீட்டுல இருந்ததையும் மார்க்வெட்டுக்கே அனுப்பி வெச்சாரு. 1983ல இருந்து 1996 வரைக்கும் 12 வால்யூம் போட்டிருக்காரு, அதுல 1988ல இருந்து 1992க்குள்ள வந்த நாலுதான் முக்கியமா லார்ட் ஆஃப் த ரிங்ஸ் டிராஃப்ட் பத்தினது. அதுல மொத வால்யூம் திருவல்லிக்கேணில ஒரு பிளாட்ஃபார்ம் கடைல மழைல நனைஞ்சு காஞ்ச கோலத்துல எனக்கு 120 ரூபாய்க்குக் கிடைச்சுது. மில்வாக்கிக்கு டிக்கெட் போட வக்கில்லாதவனுக்கு அதுதான் ஆர்க்கைவ்.

சரி, டிராஃப்ட்ட எப்படிப் படிக்கிறாங்க? மொத வேலை என்ன எழுதியிருக்குன்னு பாக்கறதே இல்ல, எதுக்கு அப்புறம் எது எழுதினதுன்னு கண்டுபிடிக்கிறது. அதுக்கு தாளோட சைஸ், இங்க் கலரு, கையெழுத்து எவ்ளோ அவசரம், பக்க நம்பர அடிச்சு மாத்தியிருக்காரா, ஒரு கேரக்டர் பேரு எந்தப் பக்கத்துல இருந்து மாறுது, இதெல்லாம்தான் தடயம். டோல்கீன் விஷயத்துல இது ரொம்பவே கஷ்டம், ஏன்னா அவரு வேகமா பென்சில்ல கிறுக்குவாரு, அப்புறம் அது மேலயே இங்க் பேனாவால எழுதிடுவாரு, கீழ இருக்கற பென்சில் காலி. சில சமயம் நல்லபடியா அழகா காப்பி எடுக்க ஆரம்பிப்பாரு, பாதியில திருத்தம் போட ஆரம்பிச்சு அந்த அழகு காப்பியே அடுத்த கிறுக்கலா ஆயிடும். எக்ஸாம் பேப்பர் திருத்துற வாத்தியாருக்கு இந்த வியாதி வரும்போல.

எக்ஸாம் பேப்பர்னு சொன்னதும் ஞாபகம் வருது, இந்தத் துறைல எனக்கு ரொம்பப் பிடிச்ச துப்பறியும் வேலை இதுதான். கதைல மோரியாங்கற குகைக்குள்ள பாலின்னு ஒரு குள்ளரோட சமாதி வருது. "அந்த இடத்துல நான் ரொம்ப நாள் நின்னுட்டேன்"னு, அது 1940 கடைசின்னு அர்த்தம் வர்ற மாதிரி, டோல்கீனே பின்னாடி முன்னுரைல எழுதியிருக்காரு. எழுதினவரே சொன்னா சரியாத்தானே இருக்கும்? ஆனா சண்டைக் காலம், பேப்பர் தட்டுப்பாடு, அதனால மனுஷன் பசங்க எழுதின பரீட்சைத் தாளோட பின்பக்கத்துல எல்லாம் கதை எழுதியிருக்காரு. நின்ன கதைய மறுபடி தொடுற கட்டத்துல இருக்கற தாளுங்கள்ல 1940 ஆகஸ்ட் தேதி இருக்கு, அதே மாசத்துத் தேதி போட்டு புது கதைத் திட்டம்னு ஒரு குறிப்பும் இருக்கு. ஆகஸ்ட்லயே திரும்ப ஆரம்பிச்சிட்டாருன்னா அந்த வருஷக் கடைசில எப்படி நின்னிருக்க முடியும்? அதனால அப்பா ஒரு வருஷம் தப்பா ஞாபகம் வெச்சிருக்காரு, நின்னது 1939 கடைசிலதான்னு மகன் முடிவு பண்றாரு. எழுத்தாளர் பேட்டில சொல்றதையும் தாள் சொல்றதையும் பக்கத்துல வெச்சா நான் தாளைத்தான் நம்புவேன்.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க பெரியப்பா நோட்டுதான் ஞாபகம் வந்துச்சு. அவரு மயிலாப்பூர்ல ஒரு ஆபீஸ்ல கிளார்க், எழுபதுகள்ல குழந்தைங்க பத்திரிகை ஒண்ணுல மாயாஜாலக் கதை எழுதுவாரு. ஒரு புக்காவும் வந்துச்சு, இப்ப எங்கயும் கிடைக்காது. அவரு போனப்புறம் வீட்ட காலி பண்றப்போ லாஃப்ட்ல இருந்து ரெண்டு சாக்கு நோட்டு இறக்கி பெரியம்மா பழைய பேப்பர் வண்டில எடைக்குப் போட்டுட்டாங்க. நான் போய் குதிச்சதுக்கு, "அதுல என்னடா இருக்கு, பூரா அடிச்சு அடிச்சு வெச்சிருந்தாரு, நல்லா வந்ததெல்லாம்தான் புக்குல வந்துடுச்சே"ன்னாங்க. நியாயமான கேள்விதான், அதுக்கு எனக்கு அன்னிக்கு பதில் தெரியல. ஒரே ஒரு லாங் சைஸ் நோட்டு மட்டும் பூஜை ரூம் அலமாரில மாட்டிக்கிட்டு தப்பிச்சுது. அதுல ஒரு கதை, தேதி கிடையாது, ஆனா கடைசி அட்டையில பால் கணக்கு இருக்கு, தினமும் அரை லிட்டர் ஒரு லிட்டர்னு கோடு போட்டு, 74 ஜூன், ஜூலை. அந்தக் கணக்கு எழுதின பச்சை இங்க்தான் கதையோட ரெண்டாவது ரவுண்டு திருத்தத்துலயும் இருக்கு. அப்போ மொத ரவுண்டு அதுக்கு முன்னாடி. ஆக்ஸ்ஃபோர்டுக்கு பரீட்சைத் தாள், மயிலாப்பூருக்கு பால் கணக்கு.

அடிச்சதுல என்ன இருக்குங்கற கேள்விக்கு ட்ராட்டர் கதைதான் சரியான பதில். அந்தப் பேரு யாருக்கும் தெரியாது, ஏன்னா புக்குல அவன் இல்ல. சத்திரத்துல மூலையில தொப்பி இழுத்துவிட்டுக்கிட்டு ஒரு ஆளு உக்காந்திருப்பானே, ஸ்ட்ரைடர், பின்னாடி அரகார்னு பெரிய ராஜா ஆகப்போறவன், அவன் மொத டிராஃப்ட்ல ஒரு ஹாபிட். காலுல மரக் கட்டை செருப்பு, நடந்தா டொக்கு டொக்குன்னு சத்தம், பேரு ட்ராட்டர். இவன் யாருன்னு வருஷக்கணக்கா டோல்கீன் மண்டைய உடைச்சிருக்காரு. ஹாபிட் கதையோட ஹீரோ பில்போவே மாறுவேஷத்துல வந்திருப்பானோன்னு ஒரு குறிப்பு, காணாமப்போன வேற ஒரு ஹாபிட்டோன்னு இன்னொண்ணு, எதிரிகிட்ட சித்ரவதைப்பட்டு கால் போயிருக்கும் அதனாலதான் மரச்செருப்புன்னு ஒண்ணு. கடைசில ரொம்ப லேட்டா மனுஷனாக்கி, ராஜ வம்சத்தோட இணைச்சு வுட்டாரு. இதுல எனக்குத் தூக்கிவாரிப் போட்டது என்னன்னா, சத்திரத்துல அவன் பேசுற டயலாக் பெரும்பாலும் மாறவே இல்ல! மரச்செருப்பு குள்ளன் பேசினதையே கொஞ்சம் தட்டிக்கொட்டி ராஜா பேசுறாரு. ஆளு யாருன்னு தெரியறதுக்கு முன்னாடியே அவன் குரல் வந்துடுச்சு. கேரக்டர் பயோடேட்டா எழுதிட்டு அப்புறம் கதைய ஆரம்பிங்கன்னு யாராவது வொர்க்‌ஷாப்ல சொன்னா இந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

இந்த மாதிரி இன்னும் நிறைய. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஹீரோ ஃப்ரோடோவோட பேரு முதல்ல பிங்கோ, வீட்டுப் பசங்களோட பொம்மைக் கரடிக் குடும்பத்துப் பேரு. நடக்கும் மரமா எல்லாரும் கொண்டாடுற ட்ரீபியர்டு மொதல்ல கேண்டால்ஃப சிறைபிடிச்சு வெச்சிருந்த கெட்ட ராட்சசன். ஹாபிட் கதையோட ஆரம்ப டிராஃப்ட் பக்கங்கள்ல கேண்டால்ஃப்ங்கற பேரு ஒரு குள்ளருக்கு, மந்திரவாதிக்கு வேற பேரு. அதுக்காக எல்லாமே தற்செயல்னு சொல்லிட முடியாது, கணக்குல மனுஷன் பயங்கர கறார். கதைல பிரிஞ்சு போன ஆளுங்க எந்தத் தேதில எங்க இருக்காங்கன்னு பத்தி பத்தியா கட்டம் போட்ட தாளுங்க இருக்கு, நம்ம ரயில்வே டைம்டேபிள் மாதிரி. பௌர்ணமி நெருங்குறப்போ நிலா ஒவ்வொரு நாளும் எவ்ளோ லேட்டா உதிக்கும், முயலை எப்படிக் கொழம்பு வைக்கிறது, ரெண்டும் இந்தக் கதைக்காக இப்ப எனக்குத் தெரிஞ்சாகணும்னு 1944ல மகனுக்கு லெட்டர் எழுதியிருக்காரு. யார் கதைக்குள்ள வரப்போறாங்கன்னு தெரியாது, ஆனா வந்தா அன்னிக்கு நிலா சரியா இருக்கணும். இந்த ரெண்டு குணமும் ஒரே ஆளுகிட்ட இருந்துச்சுங்கறது புக்க மட்டும் படிச்சா தெரியாது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். சுவடி படிக்கறதுல நாம ஒண்ணும் யாருக்கும் இளைச்சவங்க இல்ல. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல இருக்கற அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், பெசன்ட் நகர்ல உ.வே.சா. நூல்நிலையம், தரமணில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், மூணுமே சிட்டிக்குள்ளயே பஸ்ல போற தூரம். ஓலைல மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டாங்க, ஒற்றைக் கொம்பு ரெட்டைக் கொம்பு வித்தியாசம் கிடையாது, காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும், நடுவுல பூச்சி வேற தின்னிருக்கும். இதுலதான் உ.வே.சா. ஊரு ஊரா அலைஞ்சு பல பிரதிகள சேத்து ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு 1887ல சீவக சிந்தாமணிய அச்சுல ஏத்தினாரு. பாடபேதம்னு ஒரு வார்த்தையே நம்மகிட்ட இருக்கு.

ஆனா இங்கதான் ஒரு விஷயத்தை குழப்பிக்கக் கூடாது. பாடபேதம்னா எழுதினவரு ஒண்ணு எழுதி, காப்பி எடுத்தவங்க கைல அது பல தினுசா ஆனது. தேடுறது எதைன்னா புலவரோட ஒரிஜினல் பாட்டு, மத்ததெல்லாம் கழிக்க வேண்டியது. டிராஃப்ட் ஆராய்ச்சில அது அப்படியே தலைகீழ், எல்லா வித்தியாசமும் ஒரே ஆளு கைல இருந்து வந்தது, கழிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, அந்தக் கழிவுதான் பொருளே. சீவக சிந்தாமணி எழுதின திருத்தக்கதேவர் ஒரு வரிய எத்தனை தடவை மாத்தினாருன்னு எந்த ஓலையும் சொல்லாது. நம்மகிட்ட ஆயுதம் இருக்கு, வேட்டையாடத்தான் ஒண்ணும் மிச்சம் வைக்கல.

இதுல ஒரு சுவாரஸ்யம் என்னன்னா டோல்கீனே பழைய சுவடி படிக்கற வாத்தியாருதான், பழைய ஆங்கிலம் அவரு பாடம். அந்த பாலின் சமாதி இருக்கற அறைல ஒரு கிழிஞ்ச புத்தகம் கிடைக்கும், கேண்டால்ஃப் அதைத் தட்டுத் தடுமாறிப் படிப்பாரு, பாதி வார்த்தை இருக்கும் பாதி இருக்காது. அந்தப் புத்தகத்தோட மூணு பக்கத்தை டோல்கீன் நிஜமாவே செஞ்சிருக்காரு. அவரே உண்டாக்கின எழுத்துல எழுதி, ஓரத்தைக் கிழிச்சு, நெருப்புல பொசுக்கி, தையல் போட்ட ஓட்டை மாதிரி குத்தி, சிவப்புக் கலர ரத்தம் மாதிரி தடவி. புக்குல அதைப் படமா போடணும்னு ஆசைப்பட்டாரு, செலவு அதிகம்னு பதிப்பகம் மாட்டேன்னுடுச்சு. அந்தத் தாளுங்க இப்ப போட்லியன்ல. செல்லரிச்ச ஓலைய புல்தைலம் தடவி காப்பாத்துற ஊர்க்காரனுக்கு, நல்ல தாள வேணும்னே பொசுக்கி பழசாக்கின மனுஷன் மேல ஒரு தனி பாசம் வரத்தான் செய்யுது.

நம்ம பக்கம் டிராஃப்ட் ஏன் மிஞ்சலைன்னா, எங்க வீட்டு பழைய பேப்பர் வண்டி மட்டும் காரணம் இல்ல. இங்க கதை வளந்ததே வாரப் பத்திரிகைல. வாரா வாரம் தொடர் எழுதறவரு அடுத்த வாரத்துக்கான பக்கத்தைக் கொடுத்தனுப்புவாரு, அது நேரா அச்சுக் கோக்கறவர் கைக்குப் போகும், கோத்து முடிச்சா அந்தத் தாளுக்கு வேலை முடிஞ்சுது. திருத்தறதுக்கு டைமும் இல்ல, ரெண்டாவது காப்பியும் இல்ல. வடபழனில இருந்து வந்த அம்புலிமாமா எத்தனை தலைமுறைக்கு ராட்சசனையும் பறக்கும் குதிரையையும் காட்டியிருக்கு. 1947ல தொடங்கினது. தாசரி சுப்ரமணியம் தெலுங்குல எழுதின தொடருங்கள்தான் நமக்குத் தமிழ்ல வந்துச்சு. அந்த ராட்சசங்க மொத டிராஃப்ட்ல எப்படி இருந்தாங்கன்னு பாக்க எனக்கு மார்க்வெட்ட விட ஆசை அதிகம்.

அதுக்காக கைய விரிக்க வேண்டியதில்ல. கையெழுத்துப் பிரதி இல்லைன்னா பத்திரிகைல வந்ததையும் புக்குல வந்ததையும் ஒப்பிடலாம், அதுவும் ஒரு வகை டிராஃப்ட்தான். ஆ.இரா. வேங்கடாசலபதி புதுமைப்பித்தன் கதைகளுக்கு 2000ல கொண்டுவந்த செம்பதிப்பு அப்படித்தான், மொதல்ல எங்க வந்துச்சு, பின்னாடி என்ன மாறிச்சுன்னு தேடித் தேடி சேத்தது. மாயாஜாலத் தொடர்களுக்கு யாராவது அதைப் பண்ணா நான் மொத ஆளா வாங்குவேன். சின்னப்புள்ளைங்க சமாச்சாரம்னு நாமளே ஒதுக்கி வெச்சிட்டோம், அதுதான் எனக்குக் கடுப்பு.

இன்னிக்கு எழுதறவங்க நிலைமை இன்னும் மோசம். மொபைல்ல டைப் பண்றோம், அழிச்சா அழிஞ்சது, அடிச்ச கோடு கூட நிக்காது. இங்கிலாந்துல டெர்ரி பிராட்செட்னு ஃபேன்டசி எழுத்தாளர், முடிக்காம விட்டது எதையும் யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு, அவரு ஆசைப்படியே 2017 ஆகஸ்ட்ல அவரோட ஹார்டு டிஸ்க் மேல நீராவி ரோடு ரோலரை ஏத்தி நசுக்கினாங்க. படிச்சப்போ நெஞ்சு வலிச்சுது, ஆனா அவரு பண்ணது எனக்குத் தப்பாவும் தெரியல. அடிச்ச வரிய அடுத்தவன் படிக்கலாமான்னு முடிவு பண்ண எழுதினவனுக்கு உரிமை இருக்கு. எங்க பெரியப்பாகிட்ட நான் கேக்கவே இல்ல, அது வேற.

அந்த நோட்டுல ஒரு இடம் என்னை ரொம்ப நாளா படுத்துச்சு. ஆத்தைக் கடக்க ராஜகுமாரன் வர்றான், படகுக்காரன் ஒரு ராட்சசன், மூணு கேள்வி கேப்பான், புக்குல அப்படித்தான் இருக்கு. நோட்டுல அந்த ராட்சசன் வர்ற இடத்துல மட்டும் பச்சை இங்க்குக்கு அடியில நீல இங்க், அதுக்கும் அடியில பென்சில். அதான், டோல்கீன் வியாதியேதான். மொபைல் டார்ச்ச நேரா அடிச்சா ஒண்ணும் தெரியல. தாள சாய்ச்சு பக்கவாட்டுல வெளிச்சம் விழற மாதிரி பிடிச்சா பென்சில் அழுத்தின பள்ளம் நிழலா தெரியும்னு எங்கயோ படிச்சிருந்தேன். போன மாசம் சாயந்திரம் அஞ்சு மணி வெயில்ல பெரியம்மா வீட்டு பால்கனில நோட்டைத் தூக்கிப் பிடிச்சு திருப்பித் திருப்பிப் பாத்தேன், ரெண்டு எழுத்து தெரிஞ்சுது, அப்புறம் மூணாவது. பாட்டி. ராட்சசன் இல்ல, படகு ஓட்டினது மொதல்ல ஒரு பாட்டி.

இதுக்கு மேல தாள் ஒண்ணும் சொல்லாது, ஏன் மாத்தினாருங்கறதுக்கு நான் மனசுலயே ரெண்டு மூணு தியரி போட்டேன், பாட்டின்னா பசங்களுக்கு பயம் வராது, ராட்சசன்னா படம் போட நல்லா இருக்கும்னு ஆர்ட்டிஸ்ட் கேட்டிருப்பாரு, இப்படி. உள்ள போய் பெரியம்மாகிட்ட, "பெரிம்மா, இந்த படகுக்காரன் மொதல்ல பாட்டியா இருந்திருக்கு, தெரியுமா?"ன்னு கேட்டேன்.

கீரை ஆய்ஞ்சுக்கிட்டே நிமிந்து பாக்காம சொன்னாங்க. "ஆமா, புள்ளைங்கள ஆத்துல தள்ளிவிடற பாட்டி. அப்படியே உங்க அப்பாயி மாதிரி பேசும் அது. வீட்ல இருக்கறவங்க படிச்சா என்ன நினைப்பாங்க, மாத்துங்கன்னு நான்தான் சொன்னேன்."